தராசிலிருந்து லேபிள் வரை: பார்மசியில் மருந்து கலக்கும் அடிப்படைகள்

மருந்துச் சீட்டில் பொருள்களின் பெயரும் அளவும் இருக்கும். எதை முதலில் போடுவது, எதைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது, எதை ஒரே மூச்சில் ஊற்றுவது என்பது இருக்காது. களிம்பில் நறநறப்பு, லோஷனில் கட்டி, எமல்ஷனில் (எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த பால் போன்ற கலவை) மிதக்கும் எண்ணெய் ஆகியவை பெரும்பாலும் வரிசை தவறியதால் வருபவை. வரிசை சரியாக இருந்தும் மருந்து தவறாகிறது என்றால், தராசில்தான் கோளாறு.

டி.பார்ம்., பி.பார்ம். (பார்மசி டிப்ளமா, பட்டப் படிப்பு) ஆய்வகத்தில் முதன்முதலாக மார்ட்டரை, அதாவது மருந்து அரைக்கும் கல்வத்தைத் தொடுபவர்களுக்கும், மருத்துவமனை பார்மசியில் எப்போதாவது கலவை செய்ய வேண்டியிருப்பவர்களுக்கும் இது எழுதப்பட்டது. தோலில் பூசுபவை, வாய்வழி கொடுப்பவை பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம். கண் சொட்டு மருந்து, ஊசி மருந்து போன்றவற்றுக்குக் கிருமி நீக்கிய சூழலும் அதற்கென்ற பயிற்சியும் வேண்டும். அவற்றைச் சாதாரண மேசையில் வைத்துச் செய்யவே கூடாது.

தராசு: எவ்வளவு குறைவாக நிறுக்கலாம்?

இந்தியாவில் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் விதிகளின் ஷெட்யூல் என், ஒரு பார்மசியில் இருந்தாக வேண்டிய குறைந்தபட்சக் கருவிகளைப் பட்டியலிடுகிறது. தராசு, அளவுக் குவளைகள், கண்ணாடி மார்ட்டர், வெட்ஜ்வுட் (ஒருவகைப் பீங்கான்) மார்ட்டர், களிம்புப் பலகை, ஸ்பேட்டுலா (தட்டையான கலக்கும் கரண்டி), வாட்டர் பாத் (வெந்நீரில் வைத்துச் சூடாக்கும் கருவி) என்று அந்தப் பட்டியல் போகும். அதில் டிஸ்பென்சிங் தராசுக்குச் சொல்லப்பட்டிருக்கும் உணர்திறன் 30 மி.கி. அதாவது, 30 மி.கி. வித்தியாசம் இருந்தால்தான் முள் அசையும். இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட வேண்டும்.

எடையில் 5 சதவீதப் பிழை வரை பொறுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு தராசில் நிறுக்கக்கூடிய மிகக் குறைந்த எடை = உணர்திறன் × 100 ÷ 5. 30 மி.கி. தராசுக்கு இது 600 மி.கி. வருகிறது. 10 மி.கி. வரை காட்டும் டிஜிட்டல் தராசுக்கு 200 மி.கி. சட்டத்துக்கு 30 மி.கி. தராசு போதும், வீரியமான மருந்துக்குப் போதாது. புதிதாக வாங்குவதானால் 1 மி.கி. காட்டும் தராசையே வாங்குங்கள்.

அந்த எல்லைக்குக் கீழே அளவு தேவைப்பட்டால் அலிகோட் முறை இருக்கிறது: அதிகமாக நிறுத்து வேறு பொடியுடன் கலந்து, அதில் ஒரு பங்கை மட்டும் எடுப்பது. 10 மி.கி. தராசை வைத்துக்கொண்டு 40 மி.கி. மருந்து வேண்டும் என்று வையுங்கள். ஐந்து மடங்கு, அதாவது 200 மி.கி. மருந்தை நிறுத்து, 800 மி.கி. லாக்டோஸுடன் நன்றாகக் கலக்கவும். மொத்தம் 1,000 மி.கி. அதிலிருந்து 200 மி.கி. எடுத்தால் அதற்குள் 40 மி.கி. மருந்து இருக்கும். மருந்து, கலவையிலிருந்து எடுக்கும் பங்கு ஆகிய இரண்டு எடைகளுமே 200 மி.கி.க்குக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். பலர் மருந்தைச் சரியாக நிறுத்துவிட்டு, பங்கை 50 மி.கி. என்று எடுத்துக் கணக்கைக் கெடுத்துவிடுவார்கள்.

நிறுக்கும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள். நம் ஊர் ஆய்வகங்களில் எண் தாவிக்கொண்டே இருப்பதற்கு முதல் காரணம் தலைக்கு மேல் சுற்றும் அந்த விசிறிதான். தராசின் நீர்மட்டக் குமிழி நடுவில் இருக்கட்டும். தட்டில் பட்டர் பேப்பர் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிய பிறகே மருந்தைப் போடவும். கொட்டியது அதிகமாகிவிட்டால் மிஞ்சியதை மறுபடி பாட்டிலில் போடக் கூடாது. ஒரு துளி மாசு உள்ளே போனால் முழுப் பாட்டிலும் கெடும்.

திரவம் அளப்பது

அளவுக் குவளையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே எதையும் அளக்காதீர்கள். 10 மி.லி. உருளைக் குவளையில் 2 மி.லி.தான் எல்லை, 100 மி.லி. குவளையில் 20 மி.லி. அதற்குக் குறைவாக வேண்டும் என்றால் பிப்பெட் அல்லது வாய்வழி சிரிஞ்ச். மேலே விரிந்த கூம்புக் குவளையைவிட உருளைக் குவளை துல்லியமானது. விரிந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கே பல மி.லி. அடங்கிவிடும். குவளையைக் கையில் தூக்கிப் பார்க்காமல், மேசையில் வைத்துக் கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கி, திரவ வளைவின் அடிப்பகுதியைப் படியுங்கள்.

கிளிசரின், சிரப், லிக்விட் பாரஃபின் போன்ற கெட்டித் திரவங்கள் குவளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். அவற்றைச் சிரிஞ்சில் எடுப்பது நல்லது. இல்லையேல் அடர்த்தியை வைத்து எடையாக மாற்றி நிறுத்துவிடலாம்: கிளிசரின் அடர்த்தி ஏறக்குறைய 1.26 என்பதால் 5 மி.லி. என்பது 6.3 கிராம். சொட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாம். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்பது தண்ணீருக்கும் அதற்கென அமைந்த சொட்டுக்குழாய்க்கும்தான். ஆல்கஹாலில் சொட்டு சிறியது, எண்ணிக்கை கூடும்.

கரைப்பான்களின் தரத்தில் ஒரு பிடிவாதம் தேவை. கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் மருந்துத் தரச் சான்றோடுதான் வர வேண்டும். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு எலிக்ஸிரால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தது டைஎத்திலீன் கிளைக்காலைக் கரைப்பானாகப் பயன்படுத்தியதால்தான். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தபோது, அவர்கள் குடித்த இருமல் சிரப்பிலும் அதே நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. அந்த சிரப் தயாரானது தமிழ்நாட்டில். இனிப்பாகவும் நிறமின்றியும் இருக்கும் இந்தத் திரவத்தைக் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

மார்ட்டர், பலகை, ஸ்பேட்டுலா

கண்ணாடி மார்ட்டர் வழவழப்பானது. கறை படியாது, மருந்தை உறிஞ்சாது. நிறமுள்ளவற்றுக்கும், அளவு குறைந்த வீரிய மருந்துகளுக்கும், திரவத்தில் கரைப்பதற்கும் அதுவே சரி. ஆனால் அதில் படிகத்தை நுணுக்க முடியாது, வழுக்கிக்கொண்டே இருக்கும். பீங்கானும் வெட்ஜ்வுட்டும் உட்புறம் சொரசொரப்பானவை. நுணுக்குவதற்கும் எமல்ஷன் செய்வதற்கும் அந்தச் சொரசொரப்புத்தான் வேலை செய்கிறது. சித்த மருந்துச் சாலையில் கல்வத்தில் அரைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குழவியைப் பிடிக்கும்போது நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி விளிம்புக்குப் போய், அதே போல் நடுவுக்குத் திரும்ப வேண்டும். அவ்வப்போது ஸ்பேட்டுலாவால் சுவரை வழித்து உள்ளே தள்ளுங்கள். சுவரில் ஒட்டியது அரைபடாமல் அப்படியே நிற்கும்.

களிம்புக்கு வழவழப்பான கண்ணாடி அல்லது பீங்கான் பலகையும், வளையும் ஸ்டீல் ஸ்பேட்டுலா இரண்டும் வேண்டும். ஒன்று தேய்க்க, மற்றது முதலாவதை வழிக்க. அயோடின், பாதரச உப்புகள், டானிக் அமிலம் ஆகியவற்றுக்கு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் ஸ்பேட்டுலா. சாலிசிலிக் அமிலம் இரும்பைத் தொட்டால் ஊதா நிறம் வரும். தேய்ந்து துருவேறிய ஸ்பேட்டுலாவில் செய்த வெள்ளைக் களிம்பு இளஞ்சிவப்பாக மாறினால் காரணம் அதுதான்.

சீட்டில் வரும் குறிகள்

இன்றும் சில லத்தீன் சுருக்கங்கள் புழங்குகின்றன. தவறு நடப்பது மூன்றில்தான், மற்றவற்றைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது 'ஆனா'. இரண்டு ஏ எழுத்துகளின் மேல் கோடு போட்டிருக்கும். ஜிங்க் ஆக்சைடு, டால்க், ஆனா 10 கிராம் என்றால் ஒவ்வொன்றும் 10 கிராம். இரண்டும் சேர்ந்து 10 என்று எடுத்தால் மருந்து பாதியாகிவிடும்.

இரண்டாவது 'க்யூ.எஸ். ஆட்'. தண்ணீர் க்யூ.எஸ். ஆட் 60 மி.லி. என்றால் மொத்தம் 60 மி.லி. ஆகும் வரை ஊற்று என்று பொருள். 60 மி.லி. தண்ணீரை ஊற்றினால் பொடியும் இடத்தைப் பிடிப்பதால் மொத்தம் 60ஐத் தாண்டி, ஒவ்வொரு ஸ்பூனிலும் மருந்து குறைந்திருக்கும். ஆய்வகத்தில் அதிகம் பார்க்கும் பிழை இது.

மூன்றாவது 'டி.டி.டி.'. பொடிப் பொட்டலங்களில் வரும். மேலே எழுதியிருக்கும் அளவு ஒரு டோஸுக்கானது, அதே போல் இத்தனை செய் என்று அர்த்தம். 'டி.டி.டி. எண் 12' என்றால் எல்லா அளவையும் 12ஆல் பெருக்க வேண்டும். அந்தக் குறி இல்லாமல் '12 பொட்டலமாகப் பிரி' என்றிருந்தால் எழுதிய அளவை 12ஆக வகுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஊகிப்பதற்கு இதில் இடமில்லை.

சதவீதத்தில், திரவத்தில் திடப்பொருள் 1 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 1 கிராம். களிம்பில் 1 சதவீதம் என்றால் 100 கிராமில் 1 கிராம். 1:1000 கரைசல் என்றால் 1 மி.லி.யில் 1 மி.கி. கையில் 10 சதவீதக் களிம்பும் 2 சதவீதக் களிம்பும் இருக்க, 5 சதவீதம் கேட்டால் அலிகேஷன் கணக்கு: 5−2=3 பங்கு 10 சதவீதக் களிம்பு, 10−5=5 பங்கு 2 சதவீதக் களிம்பு. 40 கிராமுக்கு 15 கிராமும் 25 கிராமும். எழுதும்போது 0.5 என்று முன்னால் பூஜ்யம் போடுங்கள், 5.0 என்று பின்னால் போடாதீர்கள். புள்ளி மங்கினால் அது 50 ஆகிவிடும்.

மூன்று அடிப்படை வேலைகள்

டிரிட்யூரேஷன் என்பது மார்ட்டரில் அரைத்து நுணுக்குவதும் கலப்பதும். லெவிகேஷன் என்பது பொடியைக் கொஞ்சம் திரவத்தோடு சேர்த்து மழமழவென்று விழுதாக்குவது. களிம்பில் மருந்தைத் தாங்கும் பொருளை அடிப்படை என்பார்கள். எண்ணெய் சார்ந்த அடிப்படைக்கு லிக்விட் பாரஃபின், தண்ணீரோடு கலக்கும் அடிப்படைக்குக் கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைக்கால். மாற்றிப் போட்டால் விழுது அடிப்படையோடு சேராமல் வழுக்கி நிற்கும்.

ஜியோமெட்ரிக் டைலூஷன்தான் மூன்றில் முக்கியம். 0.5 கிராம் மருந்தை 49.5 கிராம் பொடியில் ஒரேயடியாகக் கொட்டினால் எத்தனை நேரம் கலக்கினாலும் ஓர் ஓரத்தில் அதிகமும் மறு ஓரத்தில் குறைவுமாக இருக்கும். மருந்து 0.5 கிராமுடன் பொடி 0.5 கிராம், நன்றாகக் கலந்த பிறகு 1 கிராம், பிறகு 2, 4, 8 என்று ஒவ்வொரு முறையும் மார்ட்டரில் இருக்கும் அளவுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும். ஏழு தடவையில் முடிந்துவிடும். அலிகோட்டில் லாக்டோஸ் சேர்ப்பதும் இப்படித்தான்.

கற்பூரம் மார்ட்டரில் அரைபடாது, மெழுகு போல அப்பிக்கொள்ளும். சில சொட்டு ஆல்கஹால் விட்டு அரைத்தால் பொடியாகும். மென்தால், கற்பூரம், தைமால், ஃபீனால் ஆகியவற்றில் இரண்டைச் சேர்த்தாலே திரவமாகிவிடும். தைலத்துக்கு அது வசதி: முதலில் அவற்றை மட்டும் அரைத்துத் திரவமாக்கிக்கொண்டு பிறகு எண்ணெய் சேர்க்கலாம். பொடியாகவே வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக லைட் மெக்னீசியம் கார்பனேட்டுடன் கலந்து, பிறகு அழுத்தாமல் சேர்க்கவும்.

களிம்பு: விட்ஃபீல்டு ஆயின்மென்ட்

படர்தாமரைக்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படும் இந்தக் களிம்பில் பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம், மீதி எமல்சிஃபையிங் ஆயின்மென்ட். 50 கிராம் கொடுக்க வேண்டும் என்றால் 55 கிராம் செய்யுங்கள். பலகையிலும் ஸ்பேட்டுலாவிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிடும். பென்சாயிக் அமிலம் 3.3 கிராம், சாலிசிலிக் அமிலம் 1.65 கிராம், லெவிகேஷனுக்கு லிக்விட் பாரஃபின் 2 கிராம், எமல்சிஃபையிங் ஆயின்மென்ட் 48.05 கிராம். அந்த 2 கிராம் பாரஃபினை அடிப்படையின் எடையிலிருந்து கழித்திருப்பதைப் பாருங்கள். கழிக்க மறந்தால் மருந்தின் சதவீதம் இறங்கும்.

எமல்சிஃபையிங் ஆயின்மென்ட் கையில் இல்லையென்றால் எமல்சிஃபையிங் வேக்ஸ் 30, ஒயிட் சாஃப்ட் பாரஃபின் 50, லிக்விட் பாரஃபின் 20 என்ற விகிதத்தில் வாட்டர் பாத்தில் உருக்கிக்கொள்ளலாம். வேக்ஸை முதலில் உருக்கி, மற்றவற்றைப் பிறகு சேர்க்கவும். அடுப்பிலிருந்து இறக்கியதும் விட்டுவிடாமல், ஆறும் வரை மெதுவாகக் கிளறிக்கொண்டே இருங்கள். விட்டால் வேக்ஸ் முன்கூட்டியே உறைந்து குறுணையாகும். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி ஏறும்.

இரண்டு அமிலங்களையும் மாஸ்க் போட்டுக்கொண்டு அரையுங்கள். சாலிசிலிக் அமிலத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. நுணுக்கிச் சலித்த பொடியைப் பலகையில் வைத்து, பாரஃபின் விட்டு நறநறப்பு போகும் வரை தேயுங்கள். ஏறக்குறைய 7 கிராம் விழுது கிடைக்கும். அதற்குச் சமமாக அடிப்படையில் 7 கிராம், பிறகு 14, பிறகு மீதி முழுவதும். விழுது மழமழவென்று ஆகும் முன்பே அடிப்படையைச் சேர்த்துவிட்டால் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பருக்கை போகாது. கொழுப்புக்குள் வழுக்கித் தப்பிவிடும். ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

சூடான அடிப்படையில் அமிலங்களைப் போட்டுவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். சூட்டில் கரைந்தது ஆறும்போது பெரிய படிகங்களாகத் திரும்பிவரும், தோலைக் கீறும்.

லோஷன்: காலமைன்

100 மி.லி.க்கு காலமைன் 15 கிராம், ஜிங்க் ஆக்சைடு 5 கிராம், பென்டோனைட் (தண்ணீரில் ஊறிக் கெட்டியாகும் களிமண்) 3 கிராம், சோடியம் சிட்ரேட் 0.5 கிராம், லிக்விஃபைடு ஃபீனால் 0.5 மி.லி., கிளிசரின் 5 மி.லி., மீதி சுத்திகரித்த தண்ணீர்.

சோடியம் சிட்ரேட்டை 70 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பொடிகளையும் உலர்ந்த நிலையிலேயே ஒன்றாக அரைக்க வேண்டும். பென்டோனைட் துகள்கள் மற்ற பொடிகளுக்கு நடுவே பிரிந்து நின்றால்தான் தண்ணீர் படும்போது தனித்தனியாக ஊறும். நேரே தண்ணீரில் போட்டால் வெளியே வழுவழுவென்றும் உள்ளே உலர்ந்தும் கட்டிகள் வரும், அவை உடையாது. சிட்ரேட் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு முதலில் தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, அந்த நிலையில் நன்றாக அரைத்துவிடுங்கள். நீர்த்துப்போன பிறகு குழவிக்குப் பிடிமானம் இருக்காது. பிறகு மீதிக் கரைசல், கிளிசரின், ஃபீனால். கடைசியாக அளவுக் குவளைக்கு மாற்றி, மார்ட்டரைக் கொஞ்சம் தண்ணீரால் கழுவி அந்தக் கழுவலையும் சேர்த்து 100க்கு நிரப்பவும்.

ஃபீனாலைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோல் வெளுத்து வெந்துபோகும், மரத்துவிடுவதால் வலியும் உடனே தெரியாது. சிட்ரேட் அரை கிராம்தானே என்று விட்டுவிட்டால் லோஷன் பாட்டிலிலிருந்து ஊற்ற முடியாத அளவுக்குக் கெட்டியாகும்.

எமல்ஷன்: 4:2:1

விளக்கெண்ணெய் போன்ற நிலை எண்ணெய்களுக்கு (ஆவியாகாதவை) எண்ணெய் 4, தண்ணீர் 2, அகேசியா பசைத்தூள் 1 என்ற விகிதத்தில் முதல்நிலை எமல்ஷன் செய்ய வேண்டும். லிக்விட் பாரஃபினுக்கு 3:2:1, ஆவியாகும் எண்ணெய்களுக்கு 2:2:1. எண்ணெயும் தண்ணீரும் மி.லி.யில், பசை கிராமில். 20 மி.லி. விளக்கெண்ணெய் உள்ள 100 மி.லி. எமல்ஷனுக்கு 10 மி.லி. தண்ணீர், 5 கிராம் அகேசியா.

மார்ட்டர் பீங்கானாக இருக்க வேண்டும், எலும்பு போல் உலர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். ஈரம் இருந்தால் பசை உடனே உருண்டுவிடும். எண்ணெயை அளக்கும் குவளையும் உலர்ந்ததாக, தண்ணீருக்கு வேறொன்றாக இருக்கட்டும். பசைத்தூளில் எண்ணெயை ஊற்றி லேசாகக் கலந்து, நேரம் கடத்தாமல் 10 மி.லி. தண்ணீரையும் ஒரே மூச்சில் ஊற்றி, ஒரே திசையில் வேகமாக, நிறுத்தாமல் அரைக்கவும். மற்ற எல்லா இடத்திலும் சிறிது சிறிதாகச் சேர் என்று சொல்லிவிட்டு இங்கே மட்டும் மாற்றிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் குறைவாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் எண்ணெய் வெளிப்புறமாகவும் தண்ணீர் உட்புறமாகவும் அமைந்துவிட்டால் பிறகு திரும்பாது.

சில நிமிடங்களில் கலவை வெள்ளையாகக் கெட்டிப்பட்டு, குழவி சுற்றும்போது சடசடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் தொடருங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் பால் போல் பரவ வேண்டும். எண்ணெய்த் திட்டு மிதந்தால் உடைந்துவிட்டது என்று பொருள். நீர்த்து, மினுமினுப்பாக, எண்ணெய் வழிய இருப்பதைக் காப்பாற்ற முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், புதிதாகத் தொடங்குவதே விரைவு. சரியாக அமைந்த பிறகு மீதித் தண்ணீரையும் சிரப்பையும் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். ஆல்கஹால் கலந்த நறுமணப் பொருளை நீர்க்கச் செய்து, கடைசியில் விடுங்கள். ஆல்கஹால் அகேசியாவைத் திரியச் செய்யும்.

மாத்திரையிலிருந்து குழந்தைக்கு

25 மி.கி. மாத்திரையிலிருந்து மி.லி.க்கு 5 மி.கி. வீதம் 60 மி.லி. சஸ்பென்ஷன் (கரையாத பொடி பரவி நிற்கும் திரவ மருந்து) வேண்டும் என்றால் மொத்தம் 300 மி.கி., அதாவது 12 மாத்திரை. முதலில் அந்த மாத்திரையை உடைக்கலாமா என்று பாருங்கள். குடலில் மட்டும் கரையும் பூச்சு போட்டதையும், நீண்ட நேரம் மெதுவாக வெளிவிடும் வகையையும் பொடித்தால் மருந்து அழியும், அல்லது ஒரே நேரத்தில் முழு டோஸும் இறங்கும். அந்த மருந்துக்குச் சோதித்து வெளியிடப்பட்ட ஃபார்முலா இருந்தால் அதையே பின்பற்றவும்.

பாட்டிலில் 60 மி.லி. தண்ணீர் ஊற்றி வெளியே கோடு போட்டு, கொட்டி உலர்த்துங்கள். மாத்திரையை நைசாகப் பொடித்து, 3 மி.லி. கிளிசரின் விட்டுக் குழைத்து, ஃபார்முலாவில் சொன்ன வாகனத்தை (மருந்தைத் தாங்கும் திரவம்) முன்சொன்னபடி சமப் பங்காகச் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றி, மார்ட்டரைக் கழுவிச் சேர்த்து, கோடு வரை நிரப்பவும். பாட்டிலின் கழுத்து வரை நிரம்பினால் குலுக்க இடம் இருக்காது, 60 மி.லி.க்கு 100 மி.லி. பாட்டில் எடுங்கள்.

காலக்கெடு, லேபிள், கழுவுதல்

கலந்த மருந்துக்கு ஆலையில் செய்த மருந்தின் ஆயுள் கிடையாது. 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க ஃபார்மகோப்பியாவின் (மருந்துத் தர நூல்) திருத்திய 795ஆம் அத்தியாயத்தின்படி, தனியாக நிலைப்புத்தன்மைத் தகவல் இல்லாதபோது, தண்ணீர் உள்ள, கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காத கலவைக்குக் குளிர்பெட்டியில் 14 நாள். அந்தப் பொருள் சேர்த்ததற்கு 35 நாள். தண்ணீர் இல்லாத வாய்வழித் திரவத்துக்கு 90 நாள். தண்ணீர் இல்லாத களிம்பு, பொடி போன்றவற்றுக்கு 180 நாள். சேர்த்த பொருள்களில் ஏதாவது ஒன்றின் காலாவதி அதற்கு முன்பே வந்தால் அந்தத் தேதிதான் எல்லை.

லேபிளில் மருந்தின் பெயர், மி.லி.க்கு எவ்வளவு என்ற வீரியம், செய்த தேதி, காலக்கெடு, வைக்கும் இடம் எல்லாம் இருக்க வேண்டும். லோஷனுக்கும் சஸ்பென்ஷனுக்கும் 'நன்றாகக் குலுக்கவும்', பூசுபவற்றுக்கு 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று தமிழிலேயே எழுதுங்கள். பதிவேட்டில் ஒவ்வொரு பொருளின் பேட்ச் எண்ணும் நிறுத்த எடையும் ஏறட்டும். எடையை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, பொருளைக் கொட்டிக் கலந்த பிறகு இல்லாமல் தராசில் இருக்கும்போதே நடக்க வேண்டும்.

களிம்பு செய்த பலகையில் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஷ்யூ தாளால் கொழுப்பை முழுவதும் துடைத்தெடுத்து, பிறகு வெந்நீரும் சோப்பும். அயோடின் கறைக்குச் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல். வெட்ஜ்வுட் மார்ட்டரில் நிறம் ஊறியிருந்தால் அதை வெள்ளைப் பொடிக்கு மறுபடி எடுக்க வேண்டாம். நிறமுள்ளவற்றுக்கு என்று எழுதித் தனியே வைத்துவிடுங்கள்.